கோரி மீனுக்கு ஒரு மர நிழல்

கொளத்தூரில் வண்ண மீன் விற்கிற தெரு ஒன்றில் மரம் என்று சொல்ல ஒன்றே ஒன்றுதான் இருந்தது. பெரிய தூங்குமூஞ்சி மரம். அதன் நிழலில் ஒரு கடைதான் போடலாம். ஞாயிற்றுக்கிழமை நடைபாதையில் கடை போடுகிறவர்களோ முப்பது பேர்.

மழைக்காலத்தில் அந்த இடத்தை யாரும் சீண்ட மாட்டார்கள். மேலேயிருந்து காக்கை எச்சம் விழும். ஆனால் பங்குனி வெயில் ஏறிவிட்டால் அந்த நிழலுக்காக அண்ணன் தம்பி போலப் பழகியவர்கள்கூடச் சட்டையைப் பிடித்துக்கொள்வார்கள். ஒரு வருஷம் சீட்டுக் குலுக்கிப் பார்த்தார்கள். டப்பாவில் இருந்த முப்பது சீட்டிலும் ஒரே ஆளின் பெயர் இருந்தது. மறு வருஷம், முதலில் வருகிறவருக்கு இடம் என்றார்கள். ஒருவர் வெள்ளிக்கிழமையே பாயோடு வந்து படுத்துக்கொண்டார்.

கடைசியில் மரத்துக்கு எதிரே டீக்கடை வைத்திருக்கும் முனிரத்தினம் மாஸ்டர்தான் வழி சொன்னார்.

"வாரா வாரம் வாங்க வர்றவங்ககிட்ட உங்க மீனைப் பத்திப் புளுகுறீங்க இல்ல? வருசத்துல ஒரு நாள் எங்கிட்ட புளுகுங்க. எவன் நல்லாப் புளுகுறானோ, அந்த வெயில் காலம் பூரா அவனுக்குத்தான் நிழல்."

அன்றிலிருந்து பங்குனி மாதக் கடைசி ஞாயிறு, காலை ஏழு மணிக்கு, டீக்கடை வாசலில் போட்டி. அவரவர் மீனைப் பற்றி மட்டும்தான் புளுக வேண்டும். அடுத்தவர் மீனைத் தொடக்கூடாது. யார் வேண்டுமானாலும் குறுக்கே கேள்வி கேட்கலாம். கேள்வி விழுந்ததும் மாஸ்டர் ஒரு டீயை ஆற்றத் தொடங்குவார். ஆற்றி முடித்து கிளாஸைப் பலகையில் வைப்பதற்குள் பதில் வந்தாக வேண்டும். வராவிட்டால் ஆட்டம் முடிந்தது. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு விதி. அதை மாஸ்டர் ஒவ்வொரு வருஷமும் கரண்டியால் பாய்லரைத் தட்டிச் சொல்லுவார்:

"இது புளுகுப் போட்டி. நிஜம் பேசறவனுக்கு நிழல் கிடையாது!"

மூன்று வருஷமாக நிழல் கஜபதிக்குத்தான். அவர் விற்பது அரோவானாவும் ஃபிளவர்ஹார்னும். ஒவ்வொன்றும் கை நீளம், ஜரிகை வேட்டி மாதிரி மினுமினுக்கும். அந்த மீன்களுக்கு வெயில் அவ்வளவாக உறைக்காது. நிழல் வேண்டியிருந்தது கஜபதிக்குத்தான். மரத்தடியில் சாய்வு நாற்காலி போட்டு, முகத்தில் துண்டைப் போர்த்துக்கொண்டு வியாபாரம் பார்ப்பார்.

மூன்று வருஷமும் இரண்டாவதாக வந்தவன் எத்திராஜ். அவன் வளர்ப்பது கோரி. கெளுத்தி இனம்தான், ஆனால் கட்டைவிரல் நீளம் தாண்டாது. உடம்பின் இரண்டு பக்கமும் ஓடு வேய்ந்த மாதிரி கெட்டியான தகடுகள். வாயோரம் குட்டி மீசை. தொட்டியின் அடியில் மணலைக் கிளறிக்கொண்டே திரியும். பார்க்கிறவர்கள், "தொட்டி கழுவுற மீனா?" என்று கேட்டுவிட்டு நகர்ந்துவிடுவார்கள். அப்படி யாராவது கேட்டால் எத்திராஜுக்குக் காது சிவந்துவிடும்.

கோரிக்குக் குளிர்ந்த தண்ணீர் வேண்டும். போன சித்திரையில் ஒரு ஞாயிறு, பதினோரு மணிக்குள் அவன் மீன் போட்டுத் தொங்கவிட்டிருந்த பதினெட்டு பிளாஸ்டிக் பைகளில் தண்ணீர் சுட்டது. பதினெட்டிலும் மீன்கள் வயிறு மேலாக மிதந்தன. குடை பிடித்தும் பயன் இல்லை. அன்றைக்கு எத்திராஜ் பைகளைக் கட்டி எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனான். இந்த வருஷமும் நிழல் கிடைக்காவிட்டால் கோரி வளர்ப்பதையே விட்டுவிடுவது என்று முடிவு செய்திருந்தான்.

முதலில் கஜபதி எழுந்தார். வேட்டியை மடித்துக் கட்டினார்.

"போன வாரம் எங்க வீட்ல கரண்ட் போச்சு. என் அரோவானா பாத்துது. தொட்டியை விட்டு எகிறி, தெரு முனை டிரான்ஸ்ஃபார்மர் வரைக்கும் போய், ஃபியூஸ் மாட்டிட்டு வந்துச்சு."

"ஷாக் அடிக்கலியா?" என்று கேட்டாள் சம்பூரணம். மீன் தீனிக்காக உயிர்ப்புழு விற்கிறவள் அவள். ஒரு கரண்டி என்றால் ஒரு கரண்டிதான் போடுவாள். புழு நேற்றுப் பிடித்தது என்றால், "நேத்துப் புழு, வேணும்னா வாங்கு" என்று சொல்லித்தான் கொடுப்பாள். அவள் வாயிலிருந்து பொய் வந்ததாகத் தெருவில் ஒருவருக்கும் நினைவு இல்லை.

மாஸ்டர் டீயைத் தூக்கி ஆற்றினார்.

"அடிச்சுது," என்றார் கஜபதி. "மீனுக்கு இல்ல, கரண்டுக்கு. ரெண்டு நாள் எங்க வீட்டு லைட்டெல்லாம் நடுங்கிக்கினே எரிஞ்சுது."

சிரிப்பு டீக்கடைக் கூரையைத் தூக்கியது. இன்னும் நாலைந்து புளுகி, எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லிவிட்டு, கஜபதி துண்டை உதறி உட்கார்ந்தார். போன மூன்று வருஷத்தைவிட நன்றாகவே புளுகியிருந்தார்.

எத்திராஜ் ஆறு கோரிகள் இருந்த பையைக் கையில் பிடித்தபடி எழுந்தான்.

"இன்னாபா, தொட்டி கழுவுற மீனைத் தூக்கிக்கினு வந்துட்டே?" என்றது ஒரு குரல்.

எத்திராஜின் காது சிவந்தது. அதுவே அவனுக்குத் தொடக்கம் ஆனது.

"சிரிங்க. போன மாசம் இப்படித்தான் ஒரு தண்ணி லாரி சிரிச்சிக்கினே என் கோரி மேல ஏறிச்சு. பன்னெண்டாயிரம் லிட்டர், ஃபுல் லோடு. டமால்னு சத்தம். ஓடிப் போய்ப் பாத்தா லாரியில எல்லா டயரும் பஞ்சர். கோரி எழுந்து, மேல ஒட்டின தூசியைத் தட்டிட்டு, டிரைவர்கிட்ட போய், 'அடி ஒண்ணும் படலியே அண்ணா?'ன்னு விசாரிக்குது."

"நடுரோட்டுல அது இன்னா பண்ணிச்சு?" என்றாள் சம்பூரணம். "மீனு தண்ணியிலதானே இருக்கும்?"

டீ கயிறு மாதிரி நீண்டு இறங்கியது.

"தண்ணி லாரி ஒழுகாம போய் நீ பாத்திருக்கியாக்கா? முன்னாடி போன லாரி ஒழுக்கின தண்ணியில என் மீனு காலையில வாக்கிங் போய்க்கினு இருந்துச்சு. பின்னாடி வந்த லாரி ஏறிடுச்சு."

மாஸ்டர் தலையாட்டிக் கிளாஸை வைத்தார். எத்திராஜுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

"அந்த லாரிக்காரர் என்னை விடல. 'எங்க தெருவுல ஆறு இடத்துல போர் போட்டும் தண்ணி வரல. உன் மீனைக் கொஞ்சம் அனுப்பு'ன்னு கையைப் பிடிச்சுக்கினாரு. சரின்னு கூட்டிக்கினு போனேன். கோரி தரையில மீசையை வச்சு மோந்துக்கினே போச்சு. ஒரு இடத்துல நின்னுச்சு. வாலால தட்ட ஆரம்பிச்சுது. ஒரு தட்டுக்கு ஒரு அடி. முந்நூத்தி எண்பது தட்டு! எண்ணிக்கினு இருந்தவரு நடுவுல சாப்பாட்டுக்குப் போயிட்டு வந்து மிச்சத்தை எண்ணினாரு."

"டிரைவர்கிட்ட வாய் பேசின மீனு இங்க ஏன் வாலால தட்டுச்சு?" என்றார் கஜபதி.

"வேலை நேரத்துல அது பேசாது, அண்ணா."

இந்த முறை மாஸ்டரே சிரித்துவிட்டார். டீ கொஞ்சம் கையில் சிந்தியது.

"தோண்டினோம். தண்ணி எங்க வந்துச்சு தெரியுமா? முந்நூத்தி எண்பது அடி, அரை இன்ச்!"

"அப்ப அரை இன்ச் தப்புதானே?" என்றார் கஜபதி.

"தப்பு எங்க மேல. அளவெடுத்தப்போ மீசை நீளத்தைக் கழிக்க மறந்துட்டோம்."

கூட்டம் நெருங்கி வந்தது. மீன் வாங்க வந்தவர்களும் பையைக் கீழே வைத்துவிட்டு நின்றார்கள். சம்பூரணம் மட்டும் இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டாள்.

"ஏன் எத்திராஜு, போர் போடற மீனு, லாரியைப் பஞ்சர் பண்ற மீனு, எங்கிட்ட ஏன் வாரத்துக்கு ரெண்டு கரண்டி புழு வாங்கித் திங்குது? அதுவே தோண்டிக்க வேண்டியதுதானே?"

"உன் மேல இருக்கிற மரியாதையில, அக்கா. உனக்கு வியாபாரம் ஆவட்டும்னு தரையைத் தோண்டாம வச்சிருக்குது."

சம்பூரணம் சிரிப்பை அடக்க முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"மழை கதையைக் கேளுங்க," என்றான் எத்திராஜ். இப்போது அவன் கால் தரையில் இல்லை. "கோரி முட்டை வைக்கணும்னா நாம இன்னா பண்ணுவோம்? தொட்டியில ஐஸ் கட்டி போடுவோம்..."

"மாஸ்டர்!" கஜபதி துள்ளி எழுந்தார். "ஐஸ் போடறது நிஜம்! நானே கண்ணால பாத்திருக்கேன். தண்ணி சில்லுனு ஆனா மழை வந்துடுச்சுன்னு நெனைச்சு அது முட்டை வைக்கும். நிஜம் பேசிட்டான்!"

மாஸ்டர் யோசித்தார்.

"ஐஸ் போட்டது அவன். மீனு இன்னும் ஒண்ணும் பண்ணலியே. முட்டை வச்சுதுன்னு அவன் இன்னும் சொல்லல, வைக்கும்னு நீதான் சொன்னே. உக்காரு. நீ மேல சொல்லு, எத்திராஜு."

"ரெண்டு வருசத்துக்கு முன்ன, சித்திரை மாசம். ஒரு கட்டி போட வேண்டிய எடத்துல கை தவறி ஒரு ஐஸ் பாளமே முழுசா விழுந்துடுச்சு. மீனுங்க ஆடின ஆட்டம் இருக்கே! மேல போய்க்கினு இருந்த மேகம் ஜன்னல் வழியா குனிஞ்சு பாத்துது. 'அடடா, மழைக்காலம் வந்துடுச்சு போல, நமக்குத்தான் தகவல் வரல'ன்னு பதறிப் போய்க் கொட்டிடுச்சு. கொளத்தூருக்கு மட்டும் ஸ்கூல் லீவு!"

"பக்கத்துல பெரவள்ளூர்ல ஒரு சொட்டு இல்லியே, அது ஏன்?" என்றார் கூட்டத்தில் ஒருவர்.

"என் ஜன்னல் மேற்கப் பாத்தது. பெரவள்ளூர் பக்கம் போன மேகத்துக்குச் சுவரு மறைச்சிடுச்சு. அப்புறம் முட்டைன்னா முட்டை! தொட்டியில எடம் போதாம செவத்துல ஒட்டிச்சு. கதவுல ஒட்டிச்சு. தெருவுல நின்ன பஸ்ஸுல ஒட்டிச்சு. அந்த பஸ்ஸு பாரிமுனை போய்ச் சேர்றதுக்குள்ள எல்லாம் குஞ்சு பொரிச்சு ஜன்னல் சீட்டு பூரா உக்காந்துக்கிச்சு. கண்டக்டர் டிக்கெட் கேக்கறாரு. 'அஞ்சு வயசுக்குக் கீழ டிக்கெட் கிடையாது, சார்'னு அதுங்களே சட்டம் பேசிட்டு வந்துச்சுங்க."

ஒரு பெரியவர் சிரித்துச் சிரித்து இருமத் தொடங்கினார். அவர் முதுகை இருவர் தடவினார்கள்.

"மழை நிக்கல. வீட்டுக்குள்ள தண்ணி. நானும் என் வீட்டுக்காரியும் மத்தியானம் அசந்து தூங்கிட்டோம். பெருசு, குஞ்சு எல்லாக் கோரியும் ஒண்ணா சேந்து, அடியில பூந்து, வீட்டை அப்படியே தூக்கிச்சு. அயனாவரத்துல ஒரு மேட்டுல கொண்டுபோய் வச்சுது. முழிச்சுப் பாக்கறேன், பக்கத்து வீட்டுக்காரரு வேற ஆளு! ரேஷன் கார்டுல விலாசம் மாத்த ரெண்டு நாள் வரிசையில நின்னேன்."

"இரு, இரு," என்றாள் சம்பூரணம். "உன் வீடு இங்க மூணாவது சந்துலதானே இருக்குது? நேத்துகூட புழு குடுத்துட்டு வந்தேனே?"

"தண்ணி வடிஞ்சதும் திருப்பிக் கொண்டாந்து வச்சிடுச்சுங்க. ஒரே ஒரு தப்பு பண்ணிடுச்சுங்க. கிழக்கப் பாத்து இருந்த வாசல் இப்ப தெக்கப் பாத்துடுச்சு."

"அட புளுகுணி! உன் வாசல் எப்பவுமே தெக்கதான்!"

"நீ எங்க வீட்டுக்கு முதல்ல வந்தது எப்போக்கா?"

"போன ஆடியில."

"வீடு போயிட்டு வந்தது அதுக்கு முந்தின வருசம் சித்திரையில. அதுக்கு முன்ன வாசல் எந்தப் பக்கம்னு உனக்கு எப்படித் தெரியும்?"

சம்பூரணம் விரல் விட்டு மாதங்களை எண்ணிப் பார்த்தாள். அதைப் பார்த்ததும் கூட்டம் விசிலடித்தது. சம்பூரணத்தின் வாயை அடைத்தவன் அந்தத் தெருவில் அதுவரை இல்லை.

கஜபதி துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு மெல்ல எழுந்தார்.

"எல்லாம் சரி. லாரி ஏறினாலும் சாவாத மீனு. வீட்டைத் தூக்கற மீனு. போன சித்திரையில ஒரு நாள் வெயில்ல பதினெட்டுப் பையும் ஏன் செத்துச்சு?"

சிரிப்பு நின்றுவிட்டது. மாஸ்டர் கைகூட ஒரு கணம் தயங்கியது. ஆனால் விதி விதிதான்; டீயைத் தூக்கினார்.

பதினெட்டுப் பைகளும் எத்திராஜின் கண் முன்னால் வந்தன. டீ ஒரு முறை இறங்கியது. இரண்டாம் முறை இறங்கியது. நுரை விளிம்புக்கு வந்துவிட்டது.

"சாவலண்ணா," என்றான். "செத்த மாதிரி நடிச்சுதுங்க. நிழல்ல உக்காந்திருக்கிறவருக்குக் கொஞ்சமாவது மனசு வருதான்னு பாத்துதுங்க."

ஒருவர் கை தட்டினார். அடுத்து எல்லாரும் தட்டினார்கள். கஜபதியின் முகம் அவருடைய ஃபிளவர்ஹார்னின் நெற்றியைப் போலச் சிவந்தது. ஆனாலும் அவர் உட்காரவில்லை. முப்பது வருஷமாக மீன் வளர்க்கிறவர் அவர். கோரியைப் பற்றியும் அவருக்கு நன்றாகத் தெரியும். குரலைத் தேனாக்கிக்கொண்டார்.

"கடைசியா ஒரே ஒரு கேள்வி, தம்பி. வாக்கிங் போவுது, போர் போடுது, வீடு தூக்குது. இவ்வளவு வேலை செய்யற மீனுக்கு மூச்சு வாங்காதா? வாங்கினா இன்னா பண்ணும்?"

டீ மேலே போனது. எத்திராஜ் மண்டைக்குள் துழாவினான். அங்கே ஒன்றும் இல்லை. இருந்த புளுகெல்லாம் தீர்ந்திருந்தது. டீ இறங்கியது. மறுபடி ஏறியது. நுரை கட்டியது. மாஸ்டர் கிளாஸைப் பலகைப் பக்கம் கொண்டுபோனார். அந்த அவசரத்தில், தினமும் காலையில் தொட்டியில் பார்க்கிறது எதுவோ அதுவே எத்திராஜின் வாயில் வந்து விழுந்தது.

"மூச்சு வாங்கினா மேல வரும். வாயால ஒரு மொடக்கு காத்தை முழுங்கும். காத்து குடலுக்குப் போவும். குடலாலயே மூச்சு விட்டுக்கும். மிச்சக் காத்து பின்னால குமிழா வெளிய போயிடும்."

சொல்லி முடித்த பிறகுதான் அவனுக்கு உறைத்தது. அது நிஜம். ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை. கஜபதி பல் தெரியச் சிரித்தார்.

கூட்டம் ஒரு கணம் எத்திராஜை வெறித்துப் பார்த்தது. அப்புறம் வெடித்தது. டீக்கடைப் பெஞ்சு ஒன்று ஆட்களோடு சாய்ந்தது. "குடலாலயாம்பா! பின்னாலயாம்பா!" என்று ஒருவர் மேல் ஒருவர் விழுந்து சிரித்தார்கள். வீடு தூக்கினதை நம்பினாலும் நம்பலாம், இதை எப்படி நம்புவது என்று இருமல் பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"மாஸ்டர்! அது நிஜம்!" என்று கத்தினார் கஜபதி.

"எது? லாரியா?"

"இல்ல, குடல்! கோரி குடலாலதான் மூச்சு விடும்! நான் சொல்றேன், நிஜமாவே விடும்!"

சிரிப்பு இரட்டிப்பாகிவிட்டது.

"என் அரோவானா மேல சத்தியம்!"

"டிரான்ஸ்ஃபார்மர்ல ஃபியூஸ் போட்டுதே, அந்த அரோவானா மேலயா அண்ணா?"

கஜபதி தலையில் அடித்துக்கொண்டார். சுற்றிலும் பார்த்தார். சட்டென்று கை நீட்டினார். "சம்பூரணத்தைக் கேளுங்க! அவ பொய் பேச மாட்டா. எத்திராஜு வீட்டுத் தொட்டியை வாரா வாரம் பாக்கறவ. சொல்லும்மா, நிஜமா இல்லியா?"

எல்லாரும் அவள் பக்கம் திரும்பினார்கள். நேற்றுத்தான் அவள் எத்திராஜின் தொட்டி எதிரே குனிந்து, "இன்னா எத்திராஜு, இது பின்னால குமிழி விடுது!" என்று கேட்டிருந்தாள். அவன் குடல் கதையை ஒன்றுவிடாமல் விளக்கியிருந்தான்.

சம்பூரணம் எத்திராஜைப் பார்த்தாள். அவன் கையில் இருந்த பையைப் பார்த்தாள். அண்ணாந்து வெயிலைப் பார்த்தாள்.

"எனக்குத் தெரிஞ்சது புழு," என்றாள் நிதானமாக. "மீனு வயித்துக்குள்ள நான் போய்ப் பாத்தது இல்ல."

அதில் பொய் என்று எதுவும் இல்லை.

மாஸ்டர் கரண்டியால் பாய்லரைத் தட்டினார்.

"கஜபதி, அவனவன் மீனைப் பத்தித்தான் புளுகணும்னு விதி. நீ எத்திராஜு மீனுக்குப் போய் இவ்வளவு பெரிய புளுகுக்குச் சத்தியம் பண்ணிட்டே. நீ அவுட். நிழல் எத்திராஜுக்கு!"

பத்து மணிக்குத் தார் ரோடு கொதித்தது. ரோட்டின் அந்தப் பக்கம், கஜபதியின் சாய்வு நாற்காலி மேல் புதுக் குடை ஒன்று முளைத்திருந்தது. இந்தப் பக்கம், தூங்குமூஞ்சி மரத்தடியில், எத்திராஜின் பைகள் வரிசையாகத் தொங்கின. தண்ணீரில் விரலை விட்டுப் பார்த்தான். சில்லென்று இருந்தது. சம்பூரணம் இரண்டு கரண்டி புழுவைக் காகிதத்தில் மடித்து அவன் முன்னால் வைத்தாள்.

"வாசல் எப்பவும் தெக்கதான், எத்திராஜு," என்றாள். "உன் வீட்டுக்காரியைக் கேட்டுட்டேன்."

மாஸ்டர் டீ கொண்டுவந்தார். எத்திராஜ் கிளாஸை வாங்கின நேரம், பையில் இருந்த கோரி ஒன்று விர்ரென்று மேலே வந்து, ஒரு மொடக்கு காற்றை விழுங்கிவிட்டு, குட்டிக்கரணம் அடித்து அடிக்குப் போனது. சற்று நேரத்தில் அதன் பின்னாலிருந்து குண்டூசித் தலை அளவுக்கு ஒரு குமிழ் புறப்பட்டு, மெதுவாக, மாஸ்டரின் மூக்குக்கு நேராக ஏறி வந்து, பட்டென்று உடைந்தது.

மாஸ்டர் குனிந்து பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு முறை பார்த்தார். இன்னொரு மீன் மேலே வந்தது. இன்னொரு குமிழ் உடைந்தது.

"எத்திராஜு," என்றார். "அப்படின்னா அது..."

எத்திராஜுக்கு மனம் கேட்கவில்லை. "மாஸ்டர், உண்மையைச் சொல்லிடறேன். அந்தக் குடல் விசயம்..."

மாஸ்டர் கையை உயர்த்தி அவனை நிறுத்தினார். ரோட்டைக் காட்டினார்.

"நிஜம் பேசணும்னா அந்தப் பக்கம் வெயில்ல போய்ப் பேசு."